பம்பு கம்பெனிக்கு எந்த சிஎம்எஸ்? மூன்று கொட்டேஷன் கையில் இருக்கிறது, யோசனை சொல்லுங்கள்

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் பம்புசெட் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. வி4, வி6 போர்வெல் சப்மெர்சிபிள், ஓப்பன்வெல், மோனோபிளாக் எல்லாம் சேர்த்தால் இருநூறு மாடலுக்குப் பக்கம் வரும். இணையதளம் ஜூம்லா 3 என்ற சிஎம்எஸ்ஸில் (கோடிங் இல்லாமல் தளத்தைத் திருத்த உதவும் மென்பொருள்) ஓடுகிறது. அந்தப் பதிப்புக்கு 2023 ஆகஸ்டோடு ஆதரவு முடிந்துவிட்டதாம். ஹோஸ்டிங்கில், தளத்தை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பை எடுக்கப்போவதாக மெயில் வந்திருக்கிறது. 8-க்கு மாற்றிப் பார்த்தால் முகப்பு வெறும் வெள்ளைப் பக்கமாக வருகிறது. செய்து கொடுத்தவர்கள் இப்போது போன் எடுப்பதில்லை.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் வேர்ட்பிரஸ் சிஎம்எஸ்ஸும், அதில் பக்கங்களை இழுத்துப் போட்டு வரையும் எலிமென்டாரும் என்கிறார். இன்னொருவர் கட்டணம் கட்டி அவர்கள் இடத்திலேயே தளம் வைக்கும் விக்ஸ் போதும் என்கிறார். மூன்றாமவர், "சிஎம்எஸ்ஸே வேண்டாம், லாராவெலில் உங்களுக்கென்று தனி அட்மின் பேனல் எழுதித் தருகிறேன்" என்கிறார். லாராவெல் என்பது பிஎச்பியில் கோடு எழுத உதவும் சட்டகமாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு மாடலுக்கும் ஹெச்பி, ஸ்டேஜ், ஹெட் (நீரைத் தூக்கும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் நீரின் அளவு), டெலிவரி சைஸ், ஃபேஸ், ஐஎஸ் எண் (இந்தியத் தர எண்), ஒரு பிடிஎஃப். தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்றிலும். மாவட்ட வாரியாக டீலர் பட்டியல், ஒரு விசாரணைப் படிவம். ஆன்லைன் விற்பனை இப்போதைக்கு இல்லை. நாங்களே நேராக விற்றால் டீலர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளப் போவது எங்கள் மார்க்கெட்டிங்கில் இருக்கும் அக்கா ஒருவர். எக்செல் நன்றாகத் தெரியும், கோடிங் தெரியாது.

வடபழனி:

வேர்ட்பிரஸ் போடுங்க சார். உலகத்தில் இருக்கும் தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகிறது. இந்த டெவலப்பர் போனால் நாளைக்கே இன்னொருவரைப் பிடிக்கலாம்.

பழையசர்வர்:

வடபழனி சொன்ன காரணம் சரிதான். ஆனால் எலிமென்டாரில் செய்த வேர்ட்பிரஸும், ஒழுங்காகப் புலங்கள் பிரித்துச் செய்த வேர்ட்பிரஸும் இரண்டு வேறு சாமான்கள். கொட்டேஷனில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும், அதனால்தான் ஏமாற்றம் வருகிறது.

நொய்யல்கரை எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அவரிடம் இருப்பது பக்கங்கள் இல்லை, ஒரு பெரிய அட்டவணை. இருநூறு வரிசை, பத்துப் பதினைந்து நெடுவரிசை. அதை எலிமென்டாரில் எப்படிச் செய்வார்கள்? ஒரு மாடலுக்கு ஒரு பக்கம் வரைந்து, அதில் டேபிள் விட்ஜெட் போட்டு எண்களைக் கையால் தட்டுவார்கள். பிறகு அந்தப் பக்கத்தை டூப்ளிகேட் செய்து அடுத்த மாடல். மூன்று மொழி என்றால் அறுநூறு பக்கம். நாளைக்கு ஐஎஸ் 8034 சான்று புதுப்பித்து லைசென்ஸ் எண் மாறினால் அந்த அக்கா அறுநூறு பக்கத்தையும் திறந்து மூட வேண்டும். "2 ஹெச்பி, 60 மீட்டருக்கு மேல் ஹெட் உள்ள மோட்டார் மட்டும் காட்டு" என்று விவசாயி தேடவும் முடியாது, ஏனென்றால் அந்த 60 என்பது கணினிக்கு எண்ணாகத் தெரியாது, பக்கத்தில் எங்கோ கிடக்கும் எழுத்து. எலிமென்டார் அந்தப் பக்கம் முழுவதையும் ஜேசான் என்ற வடிவத்தில் ஒரே நீள எழுத்துச் சரமாகத்தான் டேட்டாபேஸில் வைக்கிறது.

சரியான வழி, "மாடல்" என்று தனியாக ஒரு கஸ்டம் போஸ்ட் டைப், அதாவது நாமே வரையறுக்கும் பதிவு வகை. 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இந்த வசதி வேர்ட்பிரஸில் நன்றாக வேலை செய்கிறது. அதற்குள் ஹெச்பிக்கு ஒரு கட்டம், ஹெட்டுக்கு ஒரு கட்டம். பக்கத்தின் தோற்றம் ஒரே ஒரு டெம்ப்ளேட். எண்ணை ஒரு இடத்தில் மாற்றினால் தளம் முழுக்க மாறும். எக்செலிலிருந்து மொத்தமாக ஏற்றலாம். டிரூபல் என்ற இன்னொரு சிஎம்எஸ்ஸிலும் இதைச் செய்யலாம், ஜூம்லாவிலும் செய்யலாம், லாராவெலிலும் செய்யலாம். எதில் செய்தாலும் முதலில் இந்தப் பிரிப்பு நடக்க வேண்டும். மூன்று பேரிடமும் இதைக் கேளுங்கள்: "ஒரு மாடலின் ஹெட் எண் எங்கே சேமிக்கப்படும், மூன்று மொழிக்கும் சேர்த்து எத்தனை இடத்தில் தட்ட வேண்டும்?" பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம், இன்றைக்கே பாருங்கள். டொமைன் யார் பெயரில், யார் மெயிலில் இருக்கிறது? கூகுளில் "சைட்:" போட்டு உங்கள் முகவரியைத் தேடினால் என்னென்ன பக்கங்கள் வருகின்றன?

நொய்யல்கரை:

பார்த்தேன் சார், தலை சுற்றுகிறது. எங்கள் முகவரியில் ஜப்பான் மொழியில் கைப்பை, ஷூ விற்கும் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. தொட்டால் வேறு ஏதோ கடைக்குப் போகிறது. நேராக எங்கள் தளத்துக்குப் போனால் எதுவும் தெரியவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

டொமைன் பழைய டிசைனரின் ஜிமெயிலில் பதிவாகியிருக்கிறது. வருடா வருடம் பணம் கொடுப்பது நாங்கள்.

பழையசர்வர்:

ஜப்பான் பக்கங்கள் பழைய ஜூம்லாவிலும் வேர்ட்பிரஸிலும் அடிக்கடி நடப்பதுதான். கூகுளின் தேடுபொறி வந்தால் ஒரு முகம், நீங்கள் வந்தால் இன்னொரு முகம் காட்டும்படி கோடு நுழைத்திருப்பார்கள். பழைய எக்ஸ்டென்ஷன் வழியாக வந்திருக்கலாம், திருட்டு டெம்ப்ளேட்டிலேயே கூட வந்திருக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய டெம்ப்ளேட்டை இலவசமாக இறக்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அதில் பூட்டோடு சேர்த்துக் கள்ளச்சாவியும் வரும்.

இதனால் ஒன்று முடிவாகிறது. பழைய டேட்டாபேஸை "மைக்ரேட்" செய்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாசகங்களையும் படங்களையும் பிடிஎஃப்களையும் மட்டும் வெளியே எடுங்கள். படங்கள் ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்பு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். மற்றதெல்லாம் புதிதாக.

டொமைன்தான் அவசரம். ரிஜிஸ்ட்ராரில் (டொமைன் பதிவு செய்யும் நிறுவனம்) கம்பெனி மெயிலில் ஒரு கணக்குத் திறந்து, டிசைனரிடம் நல்லபடியாகப் பேசி, அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றுவதானால் இபிபி கோடு (டொமைனை மாற்ற வேண்டிய ரகசிய எண்) கேளுங்கள். பணம் கட்டிய ரசீதுகளை எடுத்து வையுங்கள். தளத்தை எதில் செய்தாலும் பத்து நாளில் மறுபடி எழுப்பலாம். டொமைன் போனால் விசிட்டிங் கார்டிலிருந்து பம்பு பெட்டி வரை அச்சடித்ததெல்லாம் வீண். உங்கள் கம்பெனி மெயிலும் அதோடு போகும்.

ஹூகோவிரும்பி:

சிஎம்எஸ்ஸே எதற்கு? இருநூறு மாடல் என்றால் பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் ஹூகோவில் ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) அத்தனை பக்கத்தையும் சில நொடியில் உருவாக்கிவிடலாம். சர்வரில் பிஎச்பி இல்லை, டேட்டாபேஸ் இல்லை, ஹேக் செய்ய ஒன்றுமே இல்லை. கிராமத்தில் சிக்னல் இரண்டு கோடு இருக்கும் போனிலும் பக்கம் சட்டென்று திறக்கும். ஹோஸ்டிங் செலவும் ஏறக்குறைய இல்லை. பம்பு மாடல் என்ன தினமுமா மாறுகிறது?

பழையசர்வர்:

தம்பி, பாதுகாப்பு, வேகம் இரண்டிலும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எனக்கும் பிடித்த வழி அது. ஆனால் டீலர் ஒருவரின் போன் நம்பர் மாறிவிட்டது என்று வையுங்கள். அந்த அக்கா கிட் என்ற டெவலப்பர் கருவியைத் திறந்து மாற்றத்தைப் பதிய (கமிட்) வேண்டும், அல்லது டெக்காப் மாதிரி ஒரு எடிட்டரை நீங்கள் மேலே ஒட்டிக் கொடுக்க வேண்டும். பக்கங்களை உருவாக்கும் வேலை (பில்ட்) ஒரு நாள் தோற்றால் அந்தச் சிவப்பு வரியைப் படித்துச் சரிசெய்ய அந்த அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு டெவலப்பர் வீட்டிலேயே இருக்கும் கம்பெனிக்கு ஹூகோதான் சொல்வேன்.

ஹூகோவிரும்பி:

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. எடிட்டர் இல்லாவிட்டால் கஷ்டம்தான். ஆனால் வேர்ட்பிரஸ் போட்டாலும் ஸ்லைடர், பாப்அப், பின்னணி வீடியோ எல்லாம் வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அதை டெவலப்பரின் லேப்டாப்பில் பார்க்காமல் ஒரு டீலரின் போனில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈழத்துப்பனை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட நாட்டில் மூன்று மொழி என்பது ஆசைக்குச் செய்வதல்ல, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இல்லாவிட்டால் வாடிக்கையாளரில் ஒரு பகுதி போய்விடும். அந்த அனுபவத்தில் ஒரு விசயம் சொல்ல வேணும்.

உங்கள் மாடலில் மொழிபெயர்க்க வேண்டியது எது? விளக்கம் நான்கு வரி, தலைப்பு ஒன்று. ஹெட், டிஸ்சார்ஜ், ஹெச்பி எல்லாம் எந்த மொழியிலும் அதே எண். டிரூபலில் ஒவ்வொரு புலத்துக்கும் "இது மொழிக்கு மொழி மாறும், இது மாறாது" என்று தனித்தனியாகக் குறிக்கலாம். 2015-இல் வந்த டிரூபல் 8-இலிருந்து இது மையத்திலேயே இருக்கிறது, வெளி மொட்யூல் தேவையில்லை. எண் ஒரே இடத்தில், வாசகம் மூன்று மொழியில். மிகச் சுத்தமான ஏற்பாடு.

வேர்ட்பிரஸில் மையத்தில் பன்மொழி இல்லை. பாலிலாங் என்ற பிளகின் (துணை மென்பொருள்) போட்டால் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பதிவு உருவாகும். புலங்களை ஒத்திசைக்கும் தெரிவு இருக்கிறது, அதை மறக்காமல் போட வேணும். போடாவிட்டால் தமிழில் 62 மீட்டர், இந்தியில் 58 மீட்டர் என்று நிற்கும். வாங்குபவர் எதை நம்புவார்?

டிரூபலின் கஷ்டத்தையும் மறைக்கவில்லை. கம்போசர் என்ற கட்டளைக் கருவி இல்லாமல் பராமரிக்க இயலாது, மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அது நினைவகம் போதாமல் நின்றுவிடும். தெரிந்த ஆட்கள் குறைவு, கூலி கூட. 7-ஆம் பதிப்பில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட புதிதாகவே கட்ட வேண்டி வந்தது, அதன் ஆதரவு 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. பாதுகாப்பு அறிவிப்பு வந்தால் அன்றைக்கே செய்ய வேணும். 2014 அக்டோபரில் வந்த ஓட்டைக்கு, ஏழு மணித்தியாலத்துக்குள் அடைக்காத தளமெல்லாம் உடைக்கப்பட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று டிரூபலின் பாதுகாப்புக் குழுவே சொன்னது. உங்களிடம் அப்படிப் பார்க்க ஆள் இருந்தால் டிரூபல், இல்லாவிட்டால் யோசியுங்கள்.

மாம்போகாலம்:

ஜூம்லாவை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லையே. பன்மொழி வசதி 2011-இல் வந்த 1.6-இலிருந்து மையத்தில் இருக்கிறது. கஸ்டம் ஃபீல்ட்ஸ் 2017-இல் 3.7-இலிருந்து இருக்கிறது. நொய்யல்கரை கேட்ட இரண்டும் இலவசமாக, பிளகின் எதுவும் இல்லாமல். 3.10-க்கு ஏற்றி, அங்கிருந்து 4, பிறகு 5 என்று அந்த இடத்திலேயே மேலே போகலாம். டெம்ப்ளேட் மட்டும் புதிதாக வேண்டும், பழைய எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

தளத்தை ஹேக் செய்துவிட்டதால் இப்போது அப்படியே மேலேற்றுவது நல்லதில்லை, புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் புதிதாகப் போடுவதானாலும் ஜூம்லா 5 மோசமான தேர்வு இல்லை. பழுதானது ஜூம்லா இல்லை, பராமரிப்பு இல்லாமல் கிடந்த ஜூம்லா.

வடபழனி:

நல்ல வாதம்தான் அண்ணா. ஆனால் கோவையில் இன்றைக்கு ஜூம்லா தெரிந்த பையன் ஒருவனைத் தேடிப் பாருங்கள்.

மாம்போகாலம்:

அதுதான் எனக்கும் வருத்தம்.

சுங்குடி:

மதுரையில் சேலைக் கடை. விக்ஸ், ஷாப்பிஃபை என்றாலே இங்கே எல்லாரும் முகம் சுளிக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைச் சேவையில் இருக்கிறேன். சர்வர் என்ன பிஎச்பி என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்குக் கடை மூடிவிட்டு வந்து புதுச்சேலை போட்டோ ஏற்றினால் காலையில் ஆர்டர் இருக்கும். ஆள் வைத்துப் பராமரிக்க எனக்கு வசதி இல்லை, மாதக் கட்டணம் எனக்கு அதைவிட மலிவு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் கிடையாது. வெளி கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) வைக்க வேண்டும், அடிப்படைத் திட்டத்தில் அதற்கென்று ஒவ்வொரு விற்பனையிலும் 2% ஷாப்பிஃபைக்குத் தனியாகப் போகும். கேட்வேக்காரர்கள் எடுப்பதும், அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் வேறு. விற்பனை ஏற ஏற இது உறுத்தும். அப்போது மாறுவதா என்று யோசிப்பேன்.

பழையசர்வர்:

உங்கள் கடைக்கு அது சரியான தேர்வு அம்மா, இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ஆன்லைனில் விற்கவே போகாத நொய்யல்கரைக்கு ஷாப்பிங் கார்ட் எதற்கு என்பதுதான் கேள்வி.

விக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. அங்கே கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. பொருள் பட்டியலை சிஎஸ்வியாக எடுக்கலாம், பக்கங்களும் தோற்றமும் வராது. வாடகை இடம் என்றால் காலி செய்யச் சொல்லும் நாள் ஒன்று வரலாம். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகத் தளம் செய்து வைத்திருந்த சின்னக் கடைகள் எத்தனை? 2024 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்தியது. அச்சடித்த கார்டில் அந்த முகவரியைப் போட்டிருந்தவர்கள் திண்டாடினார்கள்.

இரவுப்பணி:

லாராவெல் கொட்டேஷன் பற்றி ஒரு வார்த்தை. நானே லாராவெலில்தான் வேலை செய்கிறேன். டீலர் லாகின், வாரன்டி பதிவு, சர்வீஸ் புகார், டாலி கணக்கு மென்பொருளிலிருந்து ஸ்டாக் எடுப்பது இதெல்லாம் வேண்டும் என்றால் தனியாக எழுதுவது நியாயம். வெறும் கேட்டலாகுக்குத் தனி அட்மின் பேனல் எழுதினால், எழுதியவர் ஒருவருக்குத்தான் அதன் உள்ளே வழி தெரியும். அவர் துபாய் போனால் நீங்கள் நடுத்தெருவில்.

"அப்டேட்டே தேவையில்லை" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். லாராவெலின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் இரண்டு வருடம்தான் பாதுகாப்புத் திருத்தம் வரும். அதற்குப் பிறகு அதுவும் உங்கள் ஜூம்லா 3 மாதிரி ஆகும்.

எழுத்துரு:

தமிழ்ப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். இது எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம்.

வேர்ட்பிரஸ் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் டெம்ப்ளேட்) டெமோக்களில் பாதிக்கு மேல் பாப்பின்ஸ் எழுத்துரு இருக்கும். அதில் ஆங்கிலமும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. உங்கள் இங்கிலீஷும் இந்தியும் அழகாக வரும், தமிழ் மட்டும் போனில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்தில், வேறு பருமனில் வந்து நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் பார்த்தால் தமிழ் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். நம் மக்களுக்கு விற்கும் பம்புக்கு அது கூடாது. ஒரே குடும்பத்தில் எடுங்கள். முக்தா தேவநாகரிக்கு, முக்தா மலர் தமிழுக்கு. ஹிந்த் தேவநாகரிக்கு, ஹிந்த் மதுரை தமிழுக்கு. நோட்டோ குடும்பத்தில் எல்லாமே இருக்கிறது. மூன்றும் இலவசம். வரி இடைவெளியைத் தமிழுக்குக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பட்டன்களில் மேல் விலங்கும் கீழ் விலங்கும் வெட்டுப்படும். மெனுவில் "விற்பனையாளர்கள்" என்று போட்டு போனில் பாருங்கள், இரண்டு வரியாக உடைகிறதா என்று. டெமோவில் "ஹோம்", "அபௌட்" போட்டுக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது முகவரி. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் சுட்டியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக மாறும், ஆனால் சுட்டிக்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்துதான். "நீர்மூழ்கி மோட்டார்" என்ற இரண்டு சொல்லை எண்ணிப் பாருங்கள். முதல் சொல்லில் 10 குறி, அடுத்ததில் 8, நடுவில் ஒரு கோடு, ஆக 163. மாடல் பெயரின் முன்பகுதி வருவதற்குள் இடம் தீர்ந்து, மீதி வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் ஐம்பது மாடலும் ஒரே சுட்டியாகி, பின்னால் 2, 3, 4 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறியாகப் போகும். அதனால் சுட்டியை மட்டும் மாடல் எண்ணை வைத்து ஆங்கில எழுத்தில் கையால் கொடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

பழைய பிரசுரங்கள் எந்த எழுத்தில் இருக்கின்றன?

நொய்யல்கரை:

பேஜ்மேக்கரில் அடித்தவை. பாமினி என்ற பழைய எழுத்துரு என்று நினைக்கிறேன், சிலது வானவில். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் குப்பை மாதிரி வருகிறது.

எழுத்துரு:

என்எச்எம் கன்வர்ட்டர் போல ஏதாவது ஒன்றில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டு, ஒருவர் உட்கார்ந்து ஒரு முறை படிக்க வேண்டும். இடையில் வரும் ஆங்கில மாடல் பெயர்களும் எண்களின் அலகுகளும் மாற்றியில் சிக்கி உருக்குலையும். அவசரத்தில் அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.

கரிசல்:

ஒரு சந்தேகம். வேர்ட்பிரஸில் புலங்கள் பிரிக்க எல்லாரும் ஏசிஎஃப் பிளகினைச் சொல்கிறார்கள். 2024-இல் அதை வைத்துப் பெரிய சண்டை நடந்ததே? அதை நம்பித் தொழிலை வைக்கலாமா?

பழையசர்வர்:

நல்ல கேள்வி. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி என்ஜின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மோதல் வந்தது. டபிள்யூபி என்ஜினின் சர்வர்களிலிருந்து வேர்ட்பிரஸ்.ஆர்கில் அப்டேட் எடுக்கும் வழியை முல்லன்வெக் தரப்பு அடைத்தது. ஏசிஎஃப் அந்த நிறுவனத்தின் பிளகின். அக்டோபரில் வேர்ட்பிரஸ்.ஆர்கில் அதன் இலவசப் பதிப்பு இருந்த இடத்தையே முல்லன்வெக் தரப்பினர் எடுத்து "செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்" என்று பெயர் மாற்றினார்கள். டிசம்பரில் கலிபோர்னியாவில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்த பிறகு பழைய இடம் திரும்பக் கிடைத்தது. சண்டையில் சம்பந்தமே இல்லாத கடைக்காரர்கள் நடுவில் மாட்டினார்கள். திறந்த மூலம் என்றாலும் அப்டேட் வரும் குழாய் ஒருவர் கையில் இருக்கிறது என்பது அப்போது எல்லாருக்கும் உறைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

அப்படியும் ஏன் வேர்ட்பிரஸ் சொல்கிறேன் என்றால், அந்த மென்பொருள் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, தரவு உங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது. ஏசிஎஃப் வழியாக இட்ட எண்கள் டேட்டாபேஸின் போஸ்ட்மெட்டா என்ற அட்டவணையில் வரிவரியாகக் கிடக்கும். பிளகினையே கழற்றிவிட்டாலும் எண்கள் அழியாது, சாதாரண கோடில் எடுத்துக் காட்டலாம். போஸ்ட் டைப்பைப் பதிவு செய்யும் கோடை மட்டும் தீமுக்குள் வைக்காமல் தனிச் சிறு பிளகினாக எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் தீம் மாற்றினாலும் இருநூறு மாடலும் அட்மினிலிருந்து காணாமல் போகாது.

பிளகின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பாலிலாங், ஏசிஎஃப், படிவம் ஒன்று, பேக்கப் ஒன்று, மெயிலை முறையான கணக்கு வழியாக அனுப்ப எஸ்எம்டிபி ஒன்று. இதற்கு மேல் எது கேட்டாலும் காரணம் கேளுங்கள். மையத்தின் சிறு திருத்தங்கள் 2013-இல் வந்த 3.7-இலிருந்து தானாகவே ஏறும். பிளகின்களை ஆள் பார்த்து ஏற்ற வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

படிவம் என்றதும் ஞாபகம் வந்தது. காண்டாக்ட் ஃபார்ம் 7 வைத்தால், அது வந்த செய்தியைத் தானாகச் சேமிக்காது, மெயில் மட்டும்தான் அனுப்பும். சர்வரிலிருந்து நேராகப் போகும் மெயில் பாதி ஸ்பேமில் விழும். மாதக்கணக்கில் விசாரணையே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு விளம்பரத்துக்குச் செலவு செய்த கம்பெனியை எனக்குத் தெரியும். ஃபிளமிங்கோ என்ற துணைப் பிளகின் போட்டால் ஒரு பிரதி டேட்டாபேஸில் இருக்கும். டொமைனில் எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் பதிவுகள்) இரண்டையும் போடச் சொல்லுங்கள்.

பெயர், போன் நம்பர் வாங்குவதால் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். எதற்காக வாங்குகிறீர்கள் என்று படிவத்துக்குக் கீழே இரண்டு வரி, தமிழிலும் சேர்த்து. தேவையில்லாமல் பிறந்த தேதி, முழு முகவரி எல்லாம் கேட்காதீர்கள்.

நொய்யல்கரை:

மூன்று பேரிடமும் பழையசர்வர் சார் சொன்ன கேள்வியைக் கேட்டேன். விக்ஸ் சொன்னவர் "பக்கத்தைக் காப்பி பண்ணிக்கலாம் சார்" என்றார். லாராவெல் தம்பி சரியாகப் பதில் சொன்னார், ஆனால் அவர் தனியாள். எலிமென்டார் சொன்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கஸ்டம் போஸ்ட் டைப்பில் செய்தால் ஆரம்பத்தில் நாள் கூடும், பிறகு உங்கள் ஆட்களே பார்த்துக்கொள்ளலாம் என்று புதுக் கொட்டேஷன் கொடுத்தார். எலிமென்டார் முகப்புப் பக்கத்துக்குக்கூட வேண்டாம், வேர்ட்பிரஸின் சொந்த பிளாக் எடிட்டரே போதும் என்று பேசி முடித்துவிட்டோம். டிரூபல் பற்றி எழுதிய யாழ்ப்பாண நண்பருக்கு நன்றி. மொழி விஷயத்தில் அதுதான் சிறந்தது என்று எனக்கே புரிகிறது, ஆனால் பராமரிக்க ஆள் இல்லாமல் மறுபடி மாட்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

டொமைன் நேற்று கம்பெனி கணக்குக்கு வந்துவிட்டது. டிசைனர் கேட்டதும் கொடுத்துவிட்டார்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்? அப்புறம் இன்னொன்று, பம்பு பெட்டிகளில் க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறோம். அது பழைய ஜூம்லா முகவரிக்குப் போகிறது. டீலர் குடோன்களில் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன.

ஈழத்துப்பனை:

விளங்குகிறது. பாலிலாங்கில் புல ஒத்திசைவை முதல் நாளே போட்டுவிட்டு, ஒரு மாடலின் ஹெட்டை இங்கிலீஷில் மாற்றி, தமிழிலும் இந்தியிலும் மாறுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே இருநூறையும் ஏற்றச் சொல்லுங்கள்.

பழையசர்வர்:

ஒப்பந்தத்தில்: ஹோஸ்டிங், டொமைன், சர்ச் கன்சோல் (தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவி) மூன்றும் கம்பெனி மெயிலில். வேர்ட்பிரஸ் அட்மின் கணக்கும் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் உங்களிடம். காசு கொடுத்து வாங்கும் தீமோ பிளகினோ இருந்தால் லைசென்ஸ் உங்கள் பெயரில், ரசீதோடு. பேக்கப் ஹோஸ்டிங்கிலேயே இல்லாமல் வேறு இடத்திலும் இருக்க வேண்டும், கடைசித் தவணைக்கு முன் அந்த பேக்கப்பிலிருந்து தளத்தை உங்கள் கண்ணெதிரில் ஒருமுறை எழுப்பிக் காட்ட வேண்டும். ஏஎம்சியில் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) "சப்போர்ட்" என்று மொட்டையாக எழுதாமல், மாதா மாதம் அப்டேட், பாதுகாப்புத் திருத்தம் வந்தால் எத்தனை மணி நேரத்தில் என்பதையும் போடுங்கள். ஹோஸ்டிங்கின் முதல் வருட விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள்.

க்யூஆருக்கு: பழைய தளத்தை நிறுத்துவதற்கு முன் பெட்டிகளில் இருக்கும் எல்லா முகவரிகளையும் ஒரு எக்செலில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே புது மாடல் பக்கம். அதை 301 ரீடைரக்டாக (பழைய முகவரியிலிருந்து புதியதுக்கு நிரந்தரத் திருப்பம்) போட வேண்டும். முகப்புக்கு மொத்தமாகத் திருப்பிவிட்டால் போதும் என்பார்கள், விடாதீர்கள். போர்வெல் அருகில் நின்று ஸ்கேன் செய்கிறவருக்கு அந்த மோட்டாரின் ஒயரிங் படம்தான் வேண்டும். ஜப்பான் பக்கங்களுக்கு 410 (பக்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்ற பதில்) கொடுங்கள், கூகுள் மெல்ல எடுத்துவிடும். இனி அச்சடிக்கும் பெட்டியில் டொமைனுக்குப் பின்னால் மாடல் எண் மட்டும் வரும் குட்டி முகவரி போடுங்கள். நாளைக்கு எந்த சிஎம்எஸ்ஸுக்குப் போனாலும் அதைத் திருப்பிக்கொள்ளலாம்.

நொய்யல்கரை:

எழுதி வைத்துக்கொண்டேன். அக்கா இப்போதே எக்செலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஒரு சிக்கல், எங்கள் மாடல் எண்கள் 5/12, 3/10 என்று இருக்கும். தட்டினால் எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது. சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி.

கணக்குப்பிள்ளை:

மாடல் எண் நெடுவரிசையைத் தட்டுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து, ஃபார்மேட்டை "டெக்ஸ்ட்" என்று வையுங்கள். ஏற்கெனவே தேதியாக மாறியவற்றைத் திரும்ப டெக்ஸ்ட் ஆக்கினால் ஐந்து இலக்க எண்ணாக நிற்கும், அதனால் அவற்றை மறுபடி தட்டியே ஆக வேண்டும். சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி வேண்டாம், பட்டியலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தனியாக ஒன்று இருக்கும், அதை எடுங்கள். சேமித்த பிறகு அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்க வேண்டாம், திறந்தால் மாடல் எண் மறுபடி தேதியாகும். சரிபார்க்க நோட்பேடில் திறந்து பாருங்கள். மூல எக்செல் கோப்பை அக்கா தனியாக வைத்திருக்கட்டும், திருத்தம் எல்லாம் அதில்தான்.